501-வது யூனிட்: சேலத்து வீடுகளுக்கான கரண்ட் பில், சோலார் கணக்கு

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்குக் கரண்ட் பில் 1,805 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 ஓடியிருந்தால் 2,048 ரூபாய். கூடுதலாக ஓடியது ஒரே யூனிட், கூடுதலாகக் கட்டுவது 243 ரூபாய். சோலார் போடலாமா, எத்தனை கிலோவாட் போடலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

காரணம் இது. 2024 ஜூலையில் வந்த வீட்டு விகிதப்படி முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101-லிருந்து 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. விகிதம் மாறினால் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறை மாறாது.

ஆகவே ஒரு யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு வேறு. 300 யூனிட் ஓடும் வீட்டில் ஒரு யூனிட்டைக் குறைத்தால் மிச்சம் 4.70. 700 ஓடும் வீட்டில் அதே யூனிட் 9.45. ஒரே தெருவில் ஒருவருக்கு நான்கு வருடத்தில் போட்ட காசு திரும்புகிறது, எதிர்வீட்டுக்காரருக்கு எட்டு வருடம் ஆகியும் திரும்பவில்லை என்றால் பேனல் மீது குறை இல்லை. பழைய பில்லைப் பார்க்காமல் போட்டதுதான் குறை. கடைசி ஆறு ரீடிங்கை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வருடம் முழுக்க வந்துவிடும். அதை எழுதாமல் எந்தக் கம்பெனிக்காரரையும் மாடிக்கு ஏற்றாதீர்கள்.

ஆறு ரீடிங்கில் 500-க்கும் 650-க்கும் நடுவே நிற்கிற வீடுகள்தான் அதிகம் ஏமாறுகின்றன. இந்த வீடுகளுக்குச் சோலார் முதல் வேலை இல்லை, ஃபேன்தான் முதல் வேலை.

உங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள். பத்து நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் பழைய 75 வாட் ஃபேன் 40 முறை சிமிட்டும். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேன் 16 முறைதான். எல்லா ஸ்விட்சும் அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டினால், செட்டாப் பாக்ஸ், வைஃபை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. மெயின் போர்டில் லைனுக்கு ஒன்றாக இருக்கும் எம்சிபி சுவிட்சை ஒவ்வொன்றாக இறக்கி எந்த லைனில் நிற்கிறது என்று பார்த்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் பழைய ஃபேன் 60 நாளில் 67 யூனிட் தின்னும். பிஎல்டிசி 27. ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். இப்போது 600 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 2,880 ரூபாய். அதிகம் ஓடும் மூன்று ஃபேனை மாற்றினால் 480-க்கு இறங்கும், பில் 1,679. இரண்டு மாதத்துக்கு 1,201 ரூபாய் குறைகிறது. மூன்று ஃபேனுக்குச் சுமார் 9,000 ரூபாய் போட்டால் ஒன்றேகால் வருடத்தில் வந்துவிடும். எந்த சோலாரும் இந்த வேகத்தில் காசைத் திருப்பாது. மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு ஓடவிட்டால் ஃபேனுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு சீக்கிரம் போய்விடும். பிறகு ‘பிஎல்டிசி நிக்காதுங்க’ என்று பழி அதன் மீது விழும்.

அடுத்தது போர் மோட்டார். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 66 யூனிட். பங்குனி சித்திரையில் போரில் தண்ணீர் இறங்கும்போது அதே டேங்க் நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும், பில் ஏறும். வெயில் காலம் இல்லாதபோதும் நேரம் கூடிக்கொண்டே போனால் குழாயில் இருக்கும் ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை, ஏற்றிய தண்ணீர் திரும்ப இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். டேங்க் நிரம்பும் நேரத்தை மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

ஏ.சி.தான் பெரிய ஆள். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. நம்ம ஊர் வெயிலில் சராசரியாக மணிக்கு 0.8 யூனிட் என்று வைத்தாலும், இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட்டுக்கு மேல் வந்துவிடும். 350 யூனிட் ஓடிய வீடு 730-க்குப் போகும். பில் 940 ரூபாயிலிருந்து 4,108. ஏ.சி. தின்றது 380 யூனிட், அதற்கு நாம் கட்டியது 3,168 ரூபாய். 22-ல் போட்டுவிட்டுப் போர்வை போர்த்துவதற்குப் பதில் 26-ல் வைத்து மேலே ஃபேனை மெதுவாக விட்டால் இதில் கணிசமாகக் குறையும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம்.

ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 45-வது நாள் மீட்டரைப் பாருங்கள். அதற்குள் 375 ஓடியிருந்தால் 60-வது நாளில் 500-ல் நிற்பீர்கள். மீதி 15 நாளில் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்க அவகாசம் இருக்கிறது.

இதெல்லாம் செய்த பிறகும் 500-ஐத் தாண்டுகிற வீடா? அப்போது சோலார் பேசலாம்.

சேலத்தில் 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்று கணக்கு வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 240. மாசி பங்குனியில் இதற்கு மேல் போகும், ஐப்பசி கார்த்திகை மழையில் கீழே வரும். சித்திரை வெயிலில் நிறைய வரும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.35 சதவீதம் குறையும். வெளியே 40 டிகிரி இருக்கும்போது பேனலின் மேல்பரப்பு 65-ஐத் தொடும். 3 கிலோவாட் போட்டவர் ஆப்பில் 2.6 மட்டுமே காட்டுகிறது என்று பதறுவது இதனால்தான். கூரையோடு ஒட்டாமல் அடியில் காற்று போக இடைவெளி விட்டால் கொஞ்சம் மீட்கலாம்.

எத்தனை கிலோவாட் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள். முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய். இவற்றை மிச்சப்படுத்தப் பேனல் வாங்குவது வீண். சராசரி ரீடிங்கிலிருந்து 150-ஐக் கழித்து 240-ஆல் வகுங்கள். வருகிற விடைதான் உங்கள் கிலோவாட். 600 ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். நாம் எடுத்த யூனிட்டிலிருந்து சோலார் வெளியே கொடுத்ததைக் கழிக்கும் மீட்டருக்கு நெட் மீட்டர் என்று பெயர். அதில் கழித்தது போக 120 நிற்கும், பில் 47 ரூபாய். அதே வீட்டில் 3 கிலோவாட் போட்டால் கூடுதலாக மிச்சமாவது அந்த 47 ரூபாய்தான். 800 ஓடும் வீட்டில் பில் 4,770 ரூபாய். அங்கே 3 கிலோவாட் போட்டால் யூனிட்டுக்கான கட்டணமே இல்லை. வருடத்துக்கு 28,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

கோடையில் மட்டும் தாண்டுகிற வீடுகள் உண்டு. நான்கு ரீடிங் 350, இரண்டு ரீடிங் 700. வருடத்துக்கு 11,410 ரூபாய் கட்டுகிறார்கள். 1 கிலோவாட் போட்டால் அதில் சுமார் 8,200 குறையும். 2 கிலோவாட் போட்டால் சுமார் 10,750 குறையும், ஆனால் முதலீடு இரட்டிப்பை நெருங்கும். இந்த வீட்டுக்கு 1 கிலோவாட்தான் சரி. 1 கிலோவாட் என்று கேட்டால் பல இடங்களில் முகம் சுளித்து, ‘மூணு போட்டுக்கங்க, மானியம் முழுசா வரும்’ என்பார்கள். மானியம் முழுதாக வருவது உண்மை. உங்கள் கைக்காசும் முழுதாகப் போகிறது என்பதும் உண்மை. 350-க்குள் வருடம் முழுக்க நிற்கிற வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

மானியம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வருகிறது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே 78,000. 3 கிலோவாட் வேலை முடிய ஏறக்குறைய 1,80,000 முதல் 2,10,000 வரை கேட்கிறார்கள். மானியம் கழித்தால் 1 லட்சத்துச் சொச்சம். மானியம் வேலை முடிந்து மீட்டர் மாட்டிய பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையும் உங்கள் கையிலிருந்தோ வங்கிக் கடனிலோதான். இந்தியாவிலேயே தயாரான செல் உள்ள பேனலுக்கு மட்டுமே மானியம். டிசிஆர் பேனல் என்பார்கள். விலைப்பட்டியலில் டிசிஆர் என்று எழுதி வாங்குங்கள். மாட்டும் முன் ஒவ்வொரு பேனலின் பின்புறமும் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

காகித வேலையில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று பெயர். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை பழைய வீடுகளில் ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். விண்ணப்பிப்பவர் பெயர், இணைப்பின் பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முதலில் பெயர் மாற்றம் முடித்துவிட்டுத்தான் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது அனுமதிக்கப்பட்ட மின்பளு. பழைய இணைப்பில் 1 கிலோவாட், 2 கிலோவாட் என்று இருக்கும். சோலார் அதைத் தாண்டக் கூடாது என்பதால் 3 போட வேண்டுமானால் பளுவை ஏற்றியாக வேண்டும். தறி ஓடும் வீடுகளில் தறிக்குத் தனி இணைப்பு இருக்கும். மானியம் வீட்டு இணைப்புக்குத்தான், தறி இணைப்பு எண்ணைக் கொடுத்துவிட்டு அலையாதீர்கள்.

இனி மாடி. 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, எடை சுமார் 28 கிலோ. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல். நடக்க வழி விட்டு 250 முதல் 300 சதுர அடி வேண்டும். தெற்குப் பார்த்து 11, 12 டிகிரி சாய்வு நம் ஊருக்குப் போதும். சாய்வை விட நிழல்தான் முக்கியம். ஆறு பேனலும் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் ஓரத்தில் தண்ணீர் டேங்க் நிழல் விழுந்தாலும் அந்த ஒன்று மட்டும் குறைவதோடு நிற்காது, மற்றவற்றையும் இழுக்கும். மார்கழியில் மதியம் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். டேங்க் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால் நிழல் வடக்கே 70 சென்டிமீட்டர் விழும், காலை ஒன்பது மணிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். சித்திரையில் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி வரை கொஞ்சம் வடக்கே நிற்கும். ஆகவே டேங்குக்கு வடக்கே பேனல் வைப்பதை விடத் தெற்கே வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுத் தென்னை இப்போது எட்டாத உயரத்தில் இருக்கலாம். ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று பாருங்கள்.

கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றை மனதில் வைத்து ஸ்டாண்டு கட்ட வேண்டும். தளத்தில் வெறுமனே ஆணி அடித்து நிறுத்தினால் காற்று தூக்கும், ஓட்டை வழியாகக் கூரையும் ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டி, கால்களை அதில் ஊன்றச் சொல்லுங்கள். கம்பி கால்வனைஸ் செய்ததாக இருக்க வேண்டும். வெட்டி வெல்டிங் வைத்த இடத்தில் சில்வர் பெயின்ட் மட்டும் பூசிப் போவார்கள், முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். வயரை பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு கோடையில் டை உதிர்ந்துவிடும், மிச்சத்தை அணில் கடிக்கும். குழாய்க்குள் போகட்டும். எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று. இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. இடிதாங்கியின் எர்த்தை மற்றதோடு சேர்க்க விடாதீர்கள்.

கழுவுவதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. போர் தண்ணீர் உப்பு. அதை மதியச் சூட்டில் பேனல் மீது ஊற்றினால் சுர்ரென்று காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும். பாத்ரூம் டைல்ஸில் பார்க்கிற அதே கறைதான். மாதக்கணக்கில் சேர்ந்தால் தேய்த்தும் போகாது, தேய்த்தால் கண்ணாடி கீறும். மேட்டூர் நல்ல தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீரில், விடிகாலை ஏழு மணிக்கு முன், மென்மையான துணியால் துடைத்தால் போதும். மாமாங்கம், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி பக்கம் வெள்ளைக்கல் தூசி அதிகம் படியும். அங்கே மழையில்லா மாதங்களில் பத்து நாளைக்கு ஒருமுறை, மற்ற இடங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கீழ் விளிம்பை உற்றுப் பாருங்கள். சாய்வு குறைவென்பதால் தூசி வழிந்து வந்து அலுமினியச் சட்டத்துக்கு மேலே விரல் அகலத்துக்கு மண் பட்டையாக நின்றிருக்கும். மேலே கண்ணாடி பளிச்சென்று இருந்தாலும் அந்த ஒரு விரல் பட்டை கீழ் வரிசைச் செல்களை மூடிவிடும்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்ற நம்பிக்கையைப் பலர் மாட்டிய பிறகுதான் கைவிடுகிறார்கள். நெட் மீட்டரோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் மீது நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து மதியம் வரை வெயில் கொளுத்தும், உற்பத்தி பூஜ்யம். அதற்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பேட்டரி யுபிஎஸ்ஸே போதும். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வாங்கி இந்தச் சில மணி நேரத்துக்காக லட்சம் செலவழிப்பது சேலம் டவுனில் தேவையில்லை. கரண்ட் இருக்கும்போதே மதியம் மட்டும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடினால், லைன் வோல்டேஜ் ஏறி மேல்வரம்பைத் தாண்டுகிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டர் பதிவில் அந்த நேரம் இருக்கும். அதைக் காட்டி ஈபி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

நம் மாவட்டத்திலேயே மேட்டூரில் அனல் மின் நிலையம் இருக்கிறது. 210 மெகாவாட் அலகு நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று. அணையின் அடிவாரத்திலும் சுரங்க மின் நிலையத்திலும் சேர்த்து 250 மெகாவாட் நீர்மின்சாரம், ஆனால் அது பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் அளவைப் பொறுத்தது. மாலை ஆறு மணிக்கு மேல் ஊரே விளக்கைப் போடும்போது பேனல் தூங்கிவிடும், அந்த நேரத்தைப் பெரும்பாலும் நிலக்கரியும் அணையும் போன்றவைதான் தாங்குகின்றன. மதியம் நாம் கொடுத்த யூனிட்டை இரவு அதே யூனிட்டாகத் திருப்பி எடுக்க நெட் மீட்டர் விடுகிறதே, வீட்டுச் சோலார் கட்டுப்படியாவது அதனால்தான். முதல் பில்லில் குழப்பம் வருவதும் இதில்தான். ஆப்பில் 700 யூனிட் உற்பத்தி காட்டும், மீட்டரில் வெளியே போனது 450 என்று இருக்கும். 250 திருடு போகவில்லை. பகலில் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஃபேனும் நேராகத் தின்றது அது, மீட்டரையே தொடாது. பில்லில் பார்க்க வேண்டியது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்த எண் மட்டும்.

ஏற்காட்டுக் கணக்கு முற்றிலும் வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சி இருப்பதால் பேனல் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பனிமூட்டம் விலகவே பத்து மணி ஆகும் நாட்கள் உண்டு, காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் நிழல் வேறு. ஏ.சி. இல்லாத வீடுகள் என்பதால் பெரும்பாலும் ரீடிங் 300-க்குள் நிற்கும். அங்கே கரண்டைத் தின்பது வெந்நீர். குழாயில் 18 டிகிரியில் வரும் தண்ணீரில் ஒரு பக்கெட் குளிக்கும் சூட்டுக்கு வர அரை யூனிட்டுக்கு மேல் ஆகும், கீழே சேலத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். நான்கு பேர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட்டைத் தாண்டும். மலை வீட்டுக்குப் பேனலை விட 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்தம். கண்ணாடிக் குழாய் வகை மங்கிய வெளிச்சத்திலும் ஓரளவு சூடேற்றும், அடைமழை நாளுக்கு உள்ளே ஒரு மின்சாரக் காயில் வைத்துக்கொள்ளலாம். டேங்கிலிருந்து குளியலறை வரை வரும் குழாயை ஃபோம் உறை போட்டு மூடுங்கள். மூடாவிட்டால் தண்ணீர் வரும் வழியிலேயே சூட்டை இழந்துவிடும். உறையைக் குரங்கு பிய்க்கும் என்பதால் மேலே பிவிசி குழாய் ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். கண்ணாடிக் குழாய்களுக்கு மேலே அரை அடி உயர்த்தி வலை அடித்தால் குரங்குகள் குதித்து உடைப்பதும் நிற்கும்.